விலை மிகுந்த பெட்ரோல்



முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் நான். அவ்வளவு காலமும் வகுப்பறையில் நான் ஐயமின்றிச் சொல்லிவந்த ஒரு வாக்கியம் உண்டு. "பெட்ரோலின் தரத்தை அளப்பது ஆக்டேன் எண், எண் உயர உயரத் தரமும் உயரும்" என்பதே அது. தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்றுத்தரும் விடை. கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொல்லவே இன்று ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறேன்.

திருத்த வேண்டிய தேவை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஒரு திருமணத்தின் பொருட்டு வாடகைக் காரில் சென்றேன். ஓட்டுநர் என் பழைய மாணவர். வழியில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, சாதாரணப் பெட்ரோல் ஊற்ற வந்த பையனைத் தடுத்து, "தொண்ணூற்றைந்து போடப்பா" என்றார். அன்று அதற்கு லிட்டருக்கு எட்டு ரூபாய் மிகுதி. சிறிய கார், ஆறேழு ஆண்டு ஓடியது. "எதற்கப்பா இது?" என்று கேட்டேன். அவர் வியப்போடு திரும்பிப் பார்த்து, "நீங்கள்தானே சார் சொல்லிக் கொடுத்தீர்கள், எண் கூடினால் தரம் கூடும் என்று? மூன்று வருடமாக இதைத் தவிர வேறு ஊற்றியதில்லை. சோறு போடுகிற வண்டிக்கு நல்லதாகத்தானே போடவேண்டும்?" என்றார்.

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். சொன்ன பாடத்தை இருபது ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருக்கும் மாணவர் எத்தனை பேர்? ஆனால் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது என்றார். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் தருகிறது என்றார். அப்படியானால் 250 லிட்டர். லிட்டருக்கு எட்டு ரூபாய் வீதம் மாதம் இரண்டாயிரம் ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு எழுபத்திரண்டாயிரம் ரூபாய்! அவருடைய மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பதற்கு வட்டிக்குக் கடன் வாங்கிய செய்தியை அதற்குச் சற்று முன்புதான் என்னிடம் கூறியிருந்தார். திருச்சி வந்துசேரும்வரை என்னால் இயல்பாகப் பேச இயலவில்லை.

ஆக்டேன் எண் என்பது உண்மையில் எதை அளக்கிறது? அதை இப்போது காண்போம்.

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலேறி அக்கலவையை அமுக்குகிறது. அமுக்கம் முற்றுப்பெறும் தறுவாயில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியை எழுப்புகிறது. பொறியிலிருந்து தீ சீராகப் பரவி, வெப்ப வாயுக்கள் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் இயக்கிக் காட்டிய முறை இதுவே. கலவையை எவ்வளவு இறுக அமுக்குகிறோமோ, அவ்வளவு பயன் ஒரே அளவு எரிபொருளிலிருந்து கிடைக்கும். எட்டில் ஒரு பங்காக அமுக்கினால் எரிபொருளின் வெப்பத்தில் 56 விழுக்காடு வேலையாக மாறலாம் என்பது ஏட்டுக் கணக்கு. பத்தில் ஒரு பங்காக அமுக்கினால் 60 விழுக்காடு. நடைமுறையில் உராய்வும் வெப்ப இழப்பும் போக இதைவிட மிகக் குறைவாகவே கிடைக்கும். ஆயினும் ஏறுமுகம் உண்மை.

அப்படியானால் இருபதில் ஒரு பங்காக அமுக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இடையூறு. எந்த வாயுவையும் விரைந்து அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். மிகுதியாக அமுக்கினால், பொறியிலிருந்து புறப்பட்ட தீ வந்து சேருமுன்னரே, மூலையில் எஞ்சியிருக்கும் கலவை தானாகவே ஒரே வீச்சில் பற்றிக்கொள்கிறது. சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழுகிறது. மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பர்; நாம் இடிப்பு என்று சொல்லலாம். நீடித்தால் பிஸ்டனே பழுதாகும். வகுப்பில் வினாவை நான் முடிக்குமுன்னரே எழுந்து விடை சொல்லும் மாணவர் சிலர் உண்டு. விடை தெரியாதவர்கள் அல்லர்; பொறுக்கத் தெரியாதவர்கள். பெட்ரோலிலும் அத்தகைய மூலக்கூறுகள் உண்டு. கிளையின்றி நேர்சங்கிலியாய் அமைந்த ஹெப்டேன் சிறிதும் பொறுக்காது. எட்டுக் கரியணுக்கள் கிளைத்து அமைந்த ஐசோ ஆக்டேன் நன்கு பொறுக்கும்.

1926-இல் அமெரிக்க வேதியியலறிஞர் கிரகாம் எட்கர் இவ்விரண்டையும் அளவுகோலின் இரு முனைகளாக்கினார். ஹெப்டேனுக்குச் சுழி, ஐசோ ஆக்டேனுக்கு நூறு. ஒரு பெட்ரோலின் எண் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை எஞ்சினில் எந்த அளவுக்கு இடிப்பைப் பொறுக்குமோ, அந்த அளவுக்கு அப்பெட்ரோலும் பொறுக்கும் என்பதே பொருள். அதில் 91 விழுக்காடு ஆக்டேன் இருக்கிறது என்பது பொருளன்று. சோதிக்கும் முறையும் ஒன்றுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் பங்க்கில் 87 என்று எழுதியிருப்பது ஏறத்தாழ நம் நாட்டு 91 போன்றதே. அவர்கள் இருமுறைகளின் சராசரியை எழுதுகிறார்கள், நாம் ஒன்றை எழுதுகிறோம். அயல்நாட்டிலிருந்து வந்த உறவினர் "எங்கள் ஊரில் எண்ணே குறைவு" என்று சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆகவே, ஆக்டேன் எண் பொறுமையின் அளவு, ஆற்றலின் அளவன்று. இந்த ஒரு சொல்லைத்தான் நான் வகுப்பில் சொல்லத் தவறினேன். இதற்கு நல்ல சான்று எத்தனால். அதன் ஆக்டேன் எண் நூற்றையும் தாண்டியது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பம் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நம் நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. கலவையின் ஆக்டேன் எண் இதனால் ஏறுகிறது; அதே வேளையில் லிட்டர் ஒன்றில் உள்ள வெப்பம் ஆறேழு விழுக்காடு இறங்குகிறது. எண் ஏறுவதும் வலிமை ஏறுவதும் ஒன்றாயின், இப்படி நேருமா?

பொறுமை எங்கே பயன்படும்? அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த எஞ்சினில். 1940-இல் பிரிட்டன் வான்போரில் ஈடுபட்டபோது, அதன் போர் விமானங்களின் மெர்லின் எஞ்சின்களுக்கு 87 எண் பெட்ரோலுக்குப் பதிலாக 100 எண் பெட்ரோல் வந்து சேர்ந்தது. எஞ்சினுக்குள் காற்றை மிகுதியாகத் திணிக்கும் கருவியின் அழுத்தத்தை விமானிகள் இருமடங்காக உயர்த்த முடிந்தது. ஏறக்குறைய 1000 குதிரைத்திறன் என்றிருந்தது, தாழ்ந்த உயரத்தில் 1300 அளவுக்கு ஏறியது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. திறனைத் தந்தது மிகுதியாகத் திணித்த காற்றும், அதற்கேற்பச் சேர்ந்து எரிந்த பெட்ரோலும். அவ்வளவையும் இடிப்பின்றித் தாங்க இடங்கொடுத்தது நூறு எண். அழுத்தத்தை உயர்த்தாமல் நூறு எண்ணை மட்டும் ஊற்றியிருந்தால் ஒரு மாற்றமும் நேர்ந்திராது.

இந்தப் பொறுமைக்கு உலகம் கொடுத்த விலையும் பெரிது. 1921 டிசம்பர் 9-ஆம் நாள் தாமஸ் மிட்ஜ்லி என்பார், சிறிதளவு டெட்ரா எத்தில் ஈயம் சேர்த்தால் இடிப்பு அடங்குவதைக் கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளர்கள் ஈய நஞ்சினால் இறந்தனர். ஆயினும் பல பத்தாண்டுகள் உலகெங்கும் அது புகையாக வெளிவந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நின்றது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல். இது தனியே ஒரு நாள் பேசவேண்டிய செய்தி. இன்று நம் வாடகைக் காருக்குத் திரும்புவோம்.

அந்த வண்டியின் கையேட்டை எடுத்துவரச் சொன்னேன். ஓட்டுநரின் இருக்கைக்கு எதிர்ப்பக்க அறையில், உறை பிரியாமலே இருந்தது! நம்மவர் வண்டிக்குப் பூசை போடுவார், கையேட்டைப் புரட்டமாட்டார். அதில் 91 அல்லது அதற்கு மேல் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அவ்வெஞ்சின் 91-இலேயே இடிப்பின்றி ஓடுமாறு அமைக்கப்பட்டது. அதற்குள் 95-ஐ ஊற்றினால், கேட்கப்படாத பொறுமை வீணே எரிந்து புகைக்குழாய் வழியே போகும்.

அவர் எளிதில் ஒப்பவில்லை. "ஓட்டும்போது வழுவழுவென்று இருக்கிறதே சார்" என்றார். பணம் கொடுத்த காதுக்கு அப்படித்தான் கேட்கும் என்று சொல்ல நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். பதிலாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒன்று, இரண்டு மாதம் மற்றொன்று. ஒவ்வொரு முறையும் தொட்டி நிரம்ப ஊற்றி, லிட்டரையும் கிலோமீட்டரையும் குறிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. சாதாரணப் பெட்ரோல் நூறு ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், மற்றது நூற்றெட்டு. போட்ட காசு திரும்பவேண்டுமானால் பதினாறு கிலோமீட்டர் தந்த வண்டி 17.28 கிலோமீட்டர் தரவேண்டும். இந்த எண்ணை அட்டையின் உட்புறம் பெரிதாக எழுதிவைத்தோம்.

நான்கு மாதம் கழித்து நோட்டு வந்தது. ஒரே பெட்ரோலில் ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் இடையே இருந்த வேறுபாடு, இரு பெட்ரோல்களின் சராசரிகளுக்கு இடையே இருந்ததைவிடப் பெரிது. குளிர்சாதனம் ஓடிய நாள், ஐந்து பேர் பெட்டியோடு ஏறிய நாள், ஊருக்குள் நின்று நின்று சென்ற நாள் என்று ஒவ்வொன்றும் கணக்கை இழுத்தது. 17.28-ஐச் சராசரி ஒருமுறையும் நெருங்கவில்லை. எங்களுடையது ஆய்வுக்கூடச் சோதனையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்க மோட்டார் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. 2016-இல் ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செய்தது. சாதாரணப் பெட்ரோலுக்கென அமைந்த நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் வண்டிகளில் உயர் எண் பெட்ரோலை ஊற்றிப் பார்த்ததில், திறனிலோ சிக்கனத்திலோ புகையிலோ குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்று கண்டது. அந்நாட்டார் ஓராண்டில் இவ்வாறு வீணாக்கிய பணம் 210 கோடி டாலர் என்பது அச்சங்கத்தின் மதிப்பீடு.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இன்னொரு தவறான பாடம் நடத்தியவனாவேன். டர்போ பொருத்திய சில எஞ்சின்களும் உயர்ந்த அமுக்கம் கொண்ட சில எஞ்சின்களும் 95-ஐயோ அதற்கு மேலோ கட்டாயம் என்று கேட்கும். அவற்றுக்கு அது ஆடம்பரமன்று. எண் குறைந்ததை ஊற்றினால், இடிப்பை உணரும் கருவி பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். திறனும் மைலேஜும் குறையும். 'கட்டாயம்' என்னாமல் 'நல்லது' என்று மட்டும் கையேடு கூறும் வண்டிகள் இடைப்பட்டவை. அவற்றையும் அதே சங்கம் 2017-இல் சோதித்தது: சிக்கனத்தில் சராசரியாக 2.7 விழுக்காடுதான் முன்னேற்றம். விலை வேறுபாடு அதைவிடப் பெரிது. கரி படிந்த பழைய எஞ்சின் மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும்போது இடித்தால், உயர் எண் ஒரு தற்காலிக மருந்தாகும்; ஆனால் மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை. எஞ்சினைத் துப்புரவாக்கும் மருந்துகள் சேர்க்கப்பட்டவை என்றும் சில பெட்ரோல்கள் விற்கின்றன. துப்புரவு வேறு, ஆக்டேன் வேறு; இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால்தான் மக்கள் மயங்குகிறார்கள்.

சென்ற ஆயுத பூசைக்கு மறுநாள் என் மாணவர் வீட்டிற்கு வந்தார். சாதாரணப் பெட்ரோலுக்கு மாறி ஓராண்டாகிவிட்டதாம். மிச்சமான பணம் கடன் தவணைக்குப் போகிறதாம். பிறகு சற்றுத் தயங்கி, "நேற்று மட்டும் ஐந்து லிட்டர் தொண்ணூற்றைந்து போட்டேன் சார். பூசை நாள் இல்லையா?" என்றார். வண்டிக்குப் பொங்கல் ஊட்டவில்லையே என்று கேட்டேன். இருவரும் சிரித்தோம். அந்த நாற்பது ரூபாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை.