பணம் எப்பொழுது வேண்டும்?



மார்ச் மாதத் தொடக்கத்தில் வரும் கடைசித் தேதி தவறிவிடுமே என்னும் அச்சத்தால், ஆண்டுதோறும் பெப்ரவரியில் ஆர்.ஆர்.எஸ்.பி. என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுவதற்காகக் கனடாவின் இம்மிசிசாகா நகரத்து வங்கிகளுக்கு விரைந்து செல்லும் நம்மவரிடம், அந்தப் பணம் எந்த வருஷம் கைக்கு வேண்டியிருக்கும் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டார் என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது.

எல்லாரும் தவணைதோறும் போடும் பணத்தை, அதிகக் கழிவு விட்டுக்கொடுக்க முன்வருபவர் எடுத்துக்கொள்ளும் நம்முடைய ஏலச்சீட்டில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் ஒருவரும் தப்பமுடியாது. மகளின் கல்யாணத்துக்கு உடனே பணம் வேண்டியவர் கழிவை ஏற்றிக் கேட்டு முன்னதாக எடுத்துக்கொண்டார். அவசரமில்லாதவரோ கடைசிவரை பொறுத்திருந்து, பிறர் விட்டுக்கொடுத்த கழிவையே தமது லாபமாக அடைந்தார். ஒரே சீட்டு, ஆளுக்கொரு பிரயோஜனம்! ஆயினும், நடத்துபவர் தலைமறைவானால் சேர்த்ததெல்லாம் போகுமாதலால், சீட்டுக்குத் திரும்புங்கள் என்று உபதேசிக்க நான் வரவில்லை.

அதே கேள்வியை வங்கிக் கணக்குகளிடமும் கேட்கவேண்டும் என்பதே என் கருத்து. 1957-இல் ஏற்பட்ட ஆர்.ஆர்.எஸ்.பி., போடும்போது வரியைக் குறைத்து எடுக்கும்போது வரி வாங்குவது. 2009-இல் வந்த, வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ரி.எஃப்.எஸ்.ஏ.யோ, போடும்போது சலுகை எதுவும் தராவிடினும் எடுக்கும்போது ஒன்றும் கேளாதது. உழைக்குங்காலத்தில் மிகுந்த வரி கட்டி, ஓய்வுக்காலத்தில் குறைந்த வருமானத்தோடு வாழப்போகிறவருக்கு முன்னது உத்தமமே. ஆனால், யுத்தத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு ஐம்பது வயதில் இங்கு வந்து இறங்கி, தொழிற்சாலையிலும் உணவகத்துச் சமையற்கட்டிலும் சொற்பச் சம்பளத்துக்கு உழைத்தவரின் ஸ்திதி வேறு. பதினெட்டு வயதுக்குப் பின் 40 வருஷம் இந்நாட்டில் வசித்தவருக்கே முதியோர் ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்குமாதலால், அறுபத்தைந்தாம் வயதில் அவருக்குக் கிடைப்பது நாற்பதில் பதினைந்து பங்குதான். அந்தக் குறையை நிரப்ப வருவது, குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான ஜி.ஐ.எஸ். உதவித்தொகை. ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து அவர் எடுக்கும் ஒவ்வொரு டொலரும் வருமானமாகக் கணிக்கப்பட்டு, அவ்வுதவியில் ஏறக்குறைய அரை டொலரைத் தின்றுவிடுகிறது, ரி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து எடுப்பதோ அந்தக் கணக்கில் சேர்வதேயில்லை. அன்று கிடைத்த அற்ப வரிச்சலுகைக்காக விருத்தாப்பியத்தில் இவ்வளவையும் இழக்கச் சொல்லும் யோசனையை, எத்துணை மிடுக்கான உடையணிந்தவர் சொன்னாலும், நல்ல யோசனையென்று நான் ஒப்பமாட்டேன்.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. வேலை போய்விட்டது என்றோ, ஊரில் தாயார் நோயுற்றார் என்றோ ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து 10,000 டொலர் எடுத்தால், வங்கி 20 சதவீதத்தை வரிக்கெனப் பிடித்துக்கொண்டு 8,000 டொலரைத்தான் கையில் கொடுக்கும். அந்தத் தொகையை மறுபடி போடுவதற்கான இடமும் திரும்பாது. ரி.எஃப்.எஸ்.ஏ.யில் எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரியில் மீண்டுவிடும். ஆனால் கணக்கின் பெயரைமட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்: அதனுள்ளே இருப்பது முதிர்வுக்கு முன் உடைக்கமுடியாத ஐந்து வருஷ ஜி.ஐ.சி. என்னும் நிலையான வைப்பு என்றால், தாயாரைப் பார்க்க விமானச்சீட்டு வாங்கவேண்டிய அன்றைக்கு அது உங்கள் பணமாயிருந்தும் உங்களுக்கு உதவாது.