கண்ணாடிக்குப் போட்ட பூட்டு

பூச்சோங்கில் ஈயச் சுரங்கங்கள் மூடிய பிறகு குட்டைகளும் மணலும் மிஞ்சியதைப் பெரியவர்கள் அறிவார்கள். கண்ணாடிக்கும் மூலப்பொருள் மணல்தான். ஆனால் எல்லா மணலும் லென்ஸ் ஆகிவிடாது. துளி இரும்பு கலந்தாலே கண்ணாடி பச்சை பூத்துவிடும். சன்னலுக்கு அது போதும். பீரங்கிக்குக் குறி பார்க்கும் கருவிக்குப் போதாது.

அதனால்தான் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வென்றவர்களின் கண் கண்ணாடி உலைகள் மீது விழுந்தது. ஜெர்மனியின் ஜேனா நகரம் இத்தொழிலின் தாய்வீடு. 1945 ஜூனில், அந்த ஊரை சோவியத் படையிடம் ஒப்படைக்கும் முன், ஷாட் ஆலையின் நிபுணர்கள் 41 பேரை அமெரிக்கர்கள் மேற்கே கொண்டுபோனார்கள். பின்னால் வந்த சோவியத் தரப்பு இயந்திரங்களைக் கழற்றிச் சென்றது. ஒருவருக்கு மூளை, மற்றவருக்கு இரும்பு! மேற்கே போனவர்கள் 1952-ல் மைன்ஸ் நகரில் புதிய ஆலை திறந்தார்கள்.

ஜப்பானில் கதை வேறு. மலாயாவை ஆக்கிரமித்த அதே இராணுவத்துக்குத் தொலைநோக்கி செய்த நிப்பான் கொகாகு நிறுவனத்தில் போர்க்காலத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். சரணடைந்த பின் மிஞ்சியவர்கள் சுமார் 1,400 பேர். போர்க்கருவி செய்யத் தடை. பிழைப்புக்காகக் கேமரா செய்தார்கள். 1948-ல் வெளிவந்த அதுதான் நிக்கோன்.

தோற்றவர்களுக்குத் தடை, சரி. அப்போதுதான் விடுதலை பெற்ற இந்தியா யாரிடம் தோற்றது? நில அளவைக் கருவிக்கும் நுண்ணோக்கிக்கும் வேண்டிய கண்ணாடிக்கு அது வெளிநாட்டையே நம்பியிருந்தது. செய்முறையைச் சில நாடுகள் மட்டுமே அறியும். அவை வெளியே விடவில்லை.

கல்கத்தா ஜாதவ்பூரில் 1950-ல் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. 1952 முதல் அதன் இயக்குநர் டாக்டர் ஆத்மா ராம். அவர் குழு இதில் இறங்கியது.

இரகசியம் வெறும் கலவைக் கணக்கில் இல்லை. உருகிய கண்ணாடி, தன்னைத் தாங்கும் மண்பானையையே அரிக்கும். அரித்த மண் கலந்தால், தண்ணீரில் சர்க்கரைப்பாகு ஊற்றியதுபோல் உள்ளே இழை ஓடும். அந்த லென்ஸில் உருவம் நெளியும். ஆகவே பானைக்கேற்ற மண் வேண்டும். மணிக்கணக்கில் சீராகக் கிளற வேண்டும், நாள்கணக்கில் மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல்தான். ஆறியதும் பானையை உடைத்து நல்ல துண்டுகளைப் பொறுக்குவார்கள், பெரும்பகுதி கழிவாகிவிடும். இதை எந்த ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குவது?

1960களின் தொடக்கத்தில் ஜாதவ்பூரில் உற்பத்தி ஓடத் தொடங்கியது. பானை உடைத்துப் பொறுக்கிய அந்தக் கட்டிகள் நுண்ணோக்கிகளுக்கும் இராணுவத் தொலைநோக்கிகளுக்கும் போயின.