ஈரலும் இரத்தக் கொழுப்பும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் எமக்கு வைத்தியப் பேச்சு எதற்கென்று சிலர் எண்ணக்கூடும். கொலஸ்டிரால் என்பதும் ஒருவகைச் சரக்குக் கணக்கே ஆதலின் துணிந்து வந்தோம்.

"எண்ணெயைக் குறைத்தும் கொலஸ்டிரால் குறையவில்லையே!" என்று பரிசோதனைச் சீட்டும் கையுமாக வருந்துவோர் நம் காலனியில் பலர். உடலிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி உணவால் வருவதன்று, உடலே ஆக்கிக்கொள்வது. அதில் கல்லீரலின் பங்கு பெரிது. சரக்கை ஆக்கி இரத்தத்தில் ஏற்றிவிடுவதும் ஈரல், எல்.டி.எல். என்னும் வண்டிகளை மடக்கிப் பெரும்பாலும் இறக்கிக்கொள்வதும் ஈரல். இறக்கியதில் ஒரு பங்கைப் பித்த அமிலமாக்கிக் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. வண்டியை மடக்குவதற்கென அதன் உயிரணுக்களின்மேல் 'ஏற்பிகள்' உள்ளன. இவற்றைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர்.

தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு பழுதுபட்ட மரபணுக்கள் சேர்ந்தால் ஏற்பி வேலை செய்யாது. யார்டு அடைபட்டால் லைன் முழுதும் வண்டி நிற்பதன்றோ! பச்சிளம் வயதிலேயே இருதயக் குழாய்கள் அடைபடும். அத்தகைய ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு 1984 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், டாக்டர் ஸ்டார்ஸல் பணியாற்றிய மருத்துவமனையில், இருதயமும் ஈரலும் ஒருங்கே மாற்றப்பட்டன. 988 மில்லிகிராமாக இருந்த எல்.டி.எல். கொழுப்பு 184-க்கு இறங்கிற்று. இரத்தக் கொழுப்பை ஆள்வது ஈரலே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அச்சிறுமி 1990 வரை வாழ்ந்தாள். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவிலேயே மணம் முடிக்கும் நம்மவர், ஒரே பழுது இருபுறமும் வந்து சேர இடமுண்டென்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

நாம் வாழும் இந்த டில்லியிலும் 1998-இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தை தம் ஈரலில் ஒரு பகுதியை ஈந்தார். இன்று இந்தியாவில் இச்சிகிச்சை அரிதன்று. ஆனால் வீட்டார் திகைக்கும் இடம் ஒன்றுண்டு. ஈரல் சுருங்கிக் கெட்டவருக்குக் கொலஸ்டிரால் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். அது நற்குறியன்று, ஆக்கும் தொழிற்சாலை நின்றுபோனதன் அடையாளம். மாற்று ஈரல் பொருத்திய சில திங்களில் எண் மேலேறும். "புது ஈரல் பழுதோ?" என அஞ்சுவர். ஈரல் உழைக்கத் தொடங்கிற்று, பசி வந்தது, உடல் பெருத்தது என்பனவும் அதற்குக் காரணமே. மற்றொன்று, உடல் புது ஈரலை ஒதுக்காதிருக்கத் தரும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு முதலிய மருந்துகள். இவையும் கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றவல்லன.

இதையறிந்து, "மருந்தால்தானே தொல்லை" என்று அதை நிறுத்துவது பெருங்கேடு; ஈரலையே இழக்க நேரிடும். அதற்காகக் கொழுப்பை அசட்டை செய்யவும் ஒண்ணாது. மாற்று ஈரல் பெற்றோரைப் பல்லாண்டு கழித்துக் கொண்டுபோகும் நோய்களுள் இருதயநோய் முதன்மையானவற்றுள் ஒன்று. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இவர்கட்கும் உதவும். எனினும் சைக்ளோஸ்போரின் உண்பவர்க்குச் சில ஸ்டாட்டின்கள் இரத்தத்தில் மிகுதியாகத் தேங்கித் தசையைக் கெடுக்கும். ஆகையால் அண்டைவீட்டார் தின்னும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காமல், ஈரல் டாக்டரிடம் எல்லாச் சீட்டுகளையும் ஒருசேரக் காட்டி வாங்குக.