விலையை அறிவித்தால் போதுமா? வாங்க வேண்டாமா?

(விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

டெல்லி ரொம்ப தூரம்னு நாம நினைக்கிறோம். ஆனா அடகு வச்ச நகையை இந்த வருஷம் மீட்க முடியுமா, பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்ட முடியுமா என்பதெல்லாம் அங்கே எடுக்கிற முடிவில்தான் இருக்கிறது.

வருடா வருடம் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26ஆம் ஆண்டுக்கு சாதாரண ரக நெல் குவிண்டால் 2,369 ரூபாய். மக்காச்சோளம் 2,400. நடுத்தர இழைப் பருத்தி 7,710. காகிதத்தில் மூன்றுக்கும் விலை இருக்கிறது. கையில் வருகிறதா?

திருமானூர் பக்கம் நெல் போடுகிறவர்களைக் கேளுங்கள். கொள்முதல் நிலையத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறோம், மழையில் நெல் நனைகிறது, உண்மைதான். ஆனாலும் அறிவித்த விலைக்கு வாங்க ஓர் இடம் இருக்கிறது. காரணம், இந்திய உணவுக் கழகம். 1965 ஜனவரி 14-ல் நம்ம பக்கத்துத் தஞ்சாவூரில்தான் அதன் முதல் அலுவலகம் திறந்தார்கள். வாங்கிய அரிசி ரேஷன் கடைக்குப் போகுது. விளைவித்தவனுக்கும் விலை, ஏழைக்கும் சோறு. அரசாங்கம் மனசு வச்சா இது நடக்கும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் மானாவாரிக் காட்டில் நாம போடுவது மக்காச்சோளமும் பருத்தியும். மக்காச்சோளம் ரேஷனுக்குப் போகாது. கோழித் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகுது. அதனால் டெல்லிக்கு அவசரம் இல்லை. களத்துமேட்டுக்கு வருகிற வியாபாரி சொல்வதுதான் விலை. குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைத்தால், ஏக்கருக்கு 20 குவிண்டால் எடுத்தவனுக்கு 6,000 ரூபாய் நட்டம். உரக்கடை பாக்கியை எதை வச்சுக் கட்டுவது?

ஆலைகளுக்கு என்றால் அரசு வேகமாக ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் பஞ்சு இறக்குமதி மீதான 11 சதவீத வரியை நீக்கினார்கள். செப்டம்பர் வரை என்றவர்கள், டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். நாடெங்கும் புதுப்பஞ்சு சந்தைக்கு வருகிற நேரம் அது!

சுவாமிநாதன் ஆணையம் 2006-லேயே சொன்னது: செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை கொடுங்கள் என்று. 2018-ல் ஒன்றரை மடங்கு தருகிறோம் என்றார்கள். ஆனா கைச்செலவையும் குடும்ப உழைப்பையும் மட்டும்தான் கணக்கில் சேர்த்தார்கள். சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி, இரண்டையும் விட்டுவிட்டார்கள்.

நாம் பிச்சை கேட்கவில்லை. அரசு தானே அறிவித்த விலையைத்தான் கேட்கிறோம்.

மத்திய அரசே!

1. மக்காச்சோளம், பருத்தியை அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலேயே ஆதரவு விலைக்கு வாங்கு!

2. ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கொடு!

3. குத்தகையையும் வட்டியையும் சேர்த்து விலை நிர்ணயம் செய்!

டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021-ல் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின. உட்கார்ந்தவன் ஜெயித்தான். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். கட்சி பேதம் பார்க்காமல் வாருங்கள்!