பார்ப்பதும் காப்பதும்

ஆஸ்திரேலியாவில் எழுபது வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை உயிருக்கு உலை வைப்பதில்லை. மெலனோமா அப்படிப்பட்டதல்ல. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் நிணநீர்க் கணுக்கள், நுரையீரல், ஈரல், மூளை வரை பரவக்கூடியது அது. அந்த நாட்டில் ஆண்டுதோறும் 15,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. அவர்களில் மிகப் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். உரிய நேரத்தில் வெட்டியெடுத்துவிட்டால் பெரும்பாலும் நோய் அதோடு முடிந்துவிடுகிறது. இன்றைய உரை அப்படிப் பிழைத்தவர்களைப் பற்றியது. காயம் ஆறி, தையல் பிரித்து, 'இனிப் பயமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்படும் அவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்? மாதம் ஒருமுறை தம் தோலைத் தாமே முழுவதும் பார்த்துக்கொள்வதும், வெயிலிலிருந்து அதை நாள்தோறும் காத்துக்கொள்வதும் சிகிச்சையின் எஞ்சிய பாதி என்று நான் சொல்ல வருகிறேன். மருந்துச் சீட்டு எழுதும்போது காட்டும் அக்கறையோடு அந்தப் பாதியையும் மருத்துவமனைகள் கற்றுத்தர வேண்டும்.

ஏன் இவர்களுக்கு மட்டும் இவ்வளவு வலியுறுத்தல் என்று கேட்கலாம். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து ஏறத்தாழ 90,000 மெலனோமா நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஒருமுறை மெலனோமா வந்தவருக்கு இன்னொரு மெலனோமா வரும் வாய்ப்பு, மற்றவர்களுக்கு இருப்பதைப்போல் சுமார் ஒன்பது மடங்கு என்று அது காட்டியது. பழைய நோய் திரும்பி வருவதைப் பற்றிய கணக்கு இல்லை இது. உடம்பில் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று முளைப்பதைப் பற்றியது. அதே தோல், அதே மரபணுக்கள், அத்தனை ஆண்டுகள் பட்ட அதே வெயில் எல்லாம் அப்படியே இருக்கும்போது ஆபத்து எங்கே போகும்? ஆனால் நம்பிக்கைக்கும் இடமுண்டு. மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1970இல் நிறுவினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே கண்டுவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். ஆழம் கூடக் கூட அந்த நம்பிக்கை குறைகிறது. ஆகவே இரண்டாவது மெலனோமாவை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பார்ப்பது எப்படி? குளித்து முடித்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் கைக்கண்ணாடி ஒன்றும் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து தொடங்கிக் கால்வரை வர வேண்டும். முகம், காதின் பின்புறம், கழுத்து, அக்குள், முதுகு, தொடையின் பின்பக்கம், விரல் இடுக்குகள், உள்ளங்கை, உள்ளங்கால், நகங்கள் என எதையும் விடக்கூடாது. முடிக்குள் இருக்கும் தோலைச் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கலாம். பழைய அறுவைத் தழும்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பதும், அக்குளிலும் கவட்டிலும் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதும் இதில் அடங்கும். ஒரு பாதி மறு பாதியோடு ஒத்துப்போகாத மச்சம், ஓரம் கிழிந்தாற்போல் ஒழுங்கற்றிருக்கும் மச்சம், ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று பல நிறங்கள், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலம் ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது மாற்றம். போன மாதம் இல்லாதது இந்த மாதம் இருந்தால், இருந்தது வளர்ந்தால், அரித்தால், ரத்தம் கசிந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கைபேசியில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டால் நினைவை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

'அதற்குத்தானே மருத்துவர் இருக்கிறார், அவர் பார்க்காததை நாம் பார்த்துவிடப் போகிறோமா?' என்பது முதல் ஆட்சேபம். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் மருத்துவர் உங்கள் தோலைப் பார்ப்பது ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை. இடைப்பட்ட மாதங்களில் வளர்வதை அவர் எப்படி அறிவார்? சுவரில் புதிதாக விழுந்த விரிசல் எஞ்சினியரின் கண்ணுக்கு முன்பே வீட்டுக்காரரின் கண்ணில்தான் படும். விரிசல் எவ்வளவு ஆழம் என்று சொல்லத்தான் எஞ்சினியர் வேண்டும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஆரம்ப நிலை மெலனோமாவிலிருந்து மீண்ட 494 பேரையும் அவர்களின் துணைவர்களையும் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. மச்சங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்ட இணைகள், கற்பிக்கப்படாதவர்களைவிட அதிக முறை பரிசோதித்தார்கள். புதிய மெலனோமாக்களையும் கண்டுபிடித்தார்கள். அதே நேரத்தில், தொட்டதற்கெல்லாம் மருத்துவமனைக்கு ஓடும் போக்கு அவர்களிடம் காணப்படவில்லை. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. இந்தத் திறமையைச் சாதாரண மக்களுக்குக் கற்பிக்க முடியும். முதுகையும் உச்சந்தலையையும் பார்க்க இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டும் என்பதால், கணவனோ மனைவியோ, அக்காவோ, வளர்ந்த பிள்ளையோ கூட இருந்தால் பழக்கம் நிலைக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் மனம் சார்ந்தது. 'நோயை மறந்து வாழப் பார்க்கிறவரிடம் மாதாமாதம் நோயைத் தேடச் சொல்வது கொடுமையில்லையா? அச்சத்தைத்தானே வளர்க்கும்?' என்று கேட்பவர்களின் பரிவை நான் மதிக்கிறேன். ஆனால் பயம் வேறு திசையிலிருந்தும் வரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எதைத் தேடுவது, எப்படித் தேடுவது என்று தெரியாதவருக்கு உடம்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் பயம்தான். பயந்து பார்க்காமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பிரிட்டனில் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் 240 பேரிடம் ஒரு செயலியைச் சோதித்தார்கள். மாதம் ஒருமுறை நினைவூட்டி, தோலைப் பார்க்கும் வழியைக் காட்டி, சந்தேகம் வந்தால் படத்தைச் செவிலியருக்கு அனுப்ப உதவும் செயலி அது. ஓராண்டு பயன்படுத்தியவர்களுக்கு மெலனோமா பற்றிய கவலை கூடவில்லை. தம்மால் இதைச் செய்ய முடியும் என்ற தன்னம்பிக்கையே கூடியது. பயமுறுத்துவதால் பழக்கம் வராது. வழி காட்டி, கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பதை உறுதிப்படுத்தினால் வரும்.

அடுத்து வெயில். ஒருமுறை அடிபட்டவர் தாமாகவே எச்சரிக்கையாகிவிடுவார் என்றுதான் நாம் நினைப்போம். 2010ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற, மெலனோமாவிலிருந்து மீண்ட 171 பேரில் 27 சதவீதத்தினர் வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் பூசுவதே இல்லை என்றார்கள். தோலைக் கருக்கிக்கொள்ளப் புறஊதா விளக்குப் படுக்கைகளைத் தேடிப்போனவர்களும் 2 சதவீதம் இருந்தார்கள். அறிவுரை காதில் விழுந்ததும் நடத்தை மாறிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 'பட்ட வெயில் பட்டாயிற்று, இனிக் காத்து என்ன பயன்?' என்பது இவர்களில் பலருடைய எண்ணம். அதற்குக் குயின்ஸ்லாந்தின் நாம்பர் நகரம் பதில் சொல்கிறது. அங்கே 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். அதன்பின் பத்தாண்டுகள் கவனித்தபோது, நாள்தோறும் பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் புதிய மெலனோமா வந்திருந்தது. எண்ணிக்கை சிறியதுதான், அவர்கள் மெலனோமாவிலிருந்து மீண்டவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் இல்லை. ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள், வாழ்நாளில் பாதிக்கு வெயிலைப் பார்த்துவிட்டவர்கள். நடுவயதில் தொடங்கிய காப்பும் வீண்போகவில்லை என்பதே இதன் செய்தி.

காப்பு என்றால் களிம்பு மட்டும் என்று எண்ணிவிடக்கூடாது. 1981இல் சிட் என்ற கடற்பறவைக் கார்ட்டூனை வைத்து ஆஸ்திரேலியா தொடங்கிய பிரசாரம், சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை மாட்டு என்று மூன்று வேலைகளைச் சொன்னது. பின்னாளில் நிழலைத் தேடுவதும் கறுப்புக் கண்ணாடி அணிவதும் சேர்ந்தன. துணியும் நிழலும்தான் முதல் அரண். அவை மறைக்காத இடத்துக்கே சன்ஸ்கிரீன், அதுவும் தாராளமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. 'வெயிலே படாவிட்டால் வைட்டமின் டி குறையாதா?' என்று கேட்பார்கள். ஓரளவு குறையலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் விலை குறைந்த மாத்திரையும் இருக்கின்றன. மெலனோமா வந்தவர் அந்த வைட்டமினுக்காக வெயிலில் தோலைக் காய்ச்ச வேண்டியதில்லை. 'இப்போதுதான் நல்ல மருந்துகள் வந்துவிட்டனவே' என்பதும் காதில் விழுகிறது. உண்மைதான். பரவிய மெலனோமாவுக்கு ஒரு காலத்தில் மாதக் கணக்கில்தான் ஆயுள் சொன்னார்கள். இன்று இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். ஆனால் மறு பாதியையும் நினைக்க வேண்டும். குடல், ஈரல், நாளமில்லாச் சுரப்பிகளைத் தாக்கும் பக்கவிளைவுகளையும் நினைக்க வேண்டும். அரை மணி நேர அறுவையில் முடிய வேண்டியதை அந்த மருந்துகளின் கையில் விடுவது விவேகமாகாது.

கறுத்த தோல் உள்ள நமக்கு இது பொருந்துமா என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். தோலின் கருமை புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. அதனால் நம்மவரிடையே மெலனோமா அரிது. வரும்போது பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் நகத்தடியில்தான் வந்தது. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார். இந்த வகைக்கு வெயில் முதன்மைக் காரணமில்லை, ஆகவே சன்ஸ்கிரீன் இதைத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்கும் பழக்கம் இங்கேதான் இன்னும் அவசியம். ஆறாத பித்தவெடிப்பு, ஆணிக்கால், நகச்சுற்று என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடும் இடங்கள் இவைதான். நகத்தின் நீளத்துக்கு ஓடும் புதிய கருங்கோடோ பாதத்தில் பரவும் கறையோ தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுவை முடித்து வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மருத்துவமனைகள் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. நோயாளியையும் அவர் வீட்டார் ஒருவரையும் உட்காரவைத்து, அவர் தோலிலுள்ள மச்சங்களையே காட்டி, பார்க்கும் முறையைப் பழக்க வேண்டும். சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது என்று ஓர் எண்ணைக் கையில் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த சந்திப்புகளில், பார்த்தீர்களா, காத்தீர்களா என்று அக்கறையோடு கேட்க வேண்டும். வீட்டார் செய்ய வேண்டியது மாதத்தில் ஒருநாள் கால் மணி நேரம் ஒதுக்கி முதுகைப் பார்த்துச் சொல்வது. மீண்டவர் செய்ய வேண்டியது, அந்தக் கால் மணி நேரத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பது. இதற்குப் பெரிய கருவியோ பெரிய செலவோ வேண்டாம். உங்கள் வீட்டில் மெலனோமாவிலிருந்து மீண்டவர் ஒருவர் இருந்தால், அந்த நாளை இந்த வாரமே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.