அந்தக் குழந்தையின் கல்லறை



ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டி 1891இல் 'டெஸ்' என்ற பெண்ணின் கதையை நாவலாக வெளியிட்டார். டெஸ் ஏழை வீட்டின் மூத்த மகள். தந்தை குடித்துவிட்டுக் கிடந்ததால், தேன்கூடுகளை ஏற்றிக்கொண்டு இருட்டில் அவளே வண்டி ஓட்டினாள். எதிரே வந்த அஞ்சல் வண்டி மோதிக் குதிரை செத்தது. அதுதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்ட குதிரை. பிழைப்புக்காகப் பணக்கார 'உறவினர்' வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு மகன் அலெக் அவளைக் கெடுத்தான்.

பிறகு ஏஞ்சல் என்பவரை மணந்தாள். திருமண இரவில் அவர் தம் பழைய தவறைச் சொன்னார், அவள் மன்னித்தாள். அவள் தன் கதையைச் சொன்னாள். அவரால் மன்னிக்க முடியவில்லை. தந்தை இறந்ததும் குத்தகை முடிந்து குடும்பம் தெருவுக்கு வந்தது. தம்பி தங்கைகளுக்காக அலெக்கிடமே திரும்பினாள். கடைசியில் அவனைக் கொன்று தூக்குமேடை ஏறினாள்.

குருமடத்தில் வாசித்தபோது எனக்கு ஏஞ்சல்மேல்தான் கோபம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு வாசித்தால், கதையில் வரும் குருவைத் தாண்டிப் போக முடியவில்லை. அவர் ஆங்கிலிக்கன் சபைக் குரு. ஆனாலும் எனக்குத் தெரிந்த ஆள்தான்.

டெஸ்ஸின் குழந்தை சாகக் கிடக்கிறது. குருவை அழைக்கத் தந்தை விடவில்லை; மானம் போய்விடுமாம். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நள்ளிரவில் தம்பி தங்கைகளை எழுப்பி மண்டியிடச் செய்து, 'துயரம்' என்று பெயரிட்டு, அவளே திருமுழுக்குக் கொடுத்தாள். விடியும்போது குழந்தை இறந்துவிட்டது.

அந்தத் திருமுழுக்குச் செல்லுமா என்று குருவிடம் கேட்டாள். செல்லும் என்றார். அப்படியானால் கிறிஸ்தவ அடக்கம் செய்வீர்களா என்றாள். அது வேறு விஷயம், சில காரணங்கள் உண்டு என்று நழுவினார். என்ன காரணங்கள்? அவர் சொல்லவில்லை. ஊர் என்ன பேசும் என்ற பயம்தான் என்பேன். இறையியல் அல்ல.

அவசர வேளையில் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று நம் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க விரும்பியிருந்து, அதற்குள் குழந்தை இறந்துவிட்டாலும், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் செய்யலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் 'சட்டம் இடம் கொடுக்காது' என்று நானும் சில முகங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

குழந்தையை இரவில் லாந்தர் வெளிச்சத்தில் புதைத்தார்கள். குழி வெட்டியவனுக்கு ஒரு ஷில்லிங்கும் கொஞ்சம் பீரும். குடிகாரர்களையும் தற்கொலை செய்தவர்களையும் புதைக்கும், காஞ்சொறி மண்டிய மூலையில்தான் இடம் கிடைத்தது. இரண்டு மரச்சட்டங்களைக் கயிற்றால் கட்டி டெஸ்ஸே சிலுவை செய்தாள். ஒரு மாலையில் யாரும் பார்க்காமல் போய் அதை நட்டு, காலி ஜாம் ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் பூக்களை வைத்துவிட்டு வந்தாள்.