தாயின் தூக்கமும் சங்கத்தின் கடமையும்

(தோட்டக் கிளையின் மகளிர் பகுதி கூட்டிய கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று தூக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். தூக்கம் அவரவர் வீட்டுச் சமாச்சாரம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நாமும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவர்கள்தாம். ஆகவே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பெயரும் இடமும் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பால் வெட்டும் பெண் ஒருவர் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பினார். முதல் மாதத்திலேயே ஏழு நாள் பெரட்டுக்கு வரவில்லை. வந்த நாட்களிலும் நிரை முடியவில்லை. மரத்தில் காயம் விழுந்தது. மண்டோரைக் கேட்டோம். "சோம்பல் ஐயா, பிள்ளையைச் சாக்குச் சொல்லுது" என்றார். நாமும் மேற்கொண்டு விசாரிக்காமல் செக்ரோலில் ஏழு நாளும் "வரவில்லை" என்று குறித்தோம். நிர்வாகம் சொன்னபடி எச்சரிக்கைக் கடிதத்தையும் நம் கையாலேயே தட்டச்சு செய்தோம்.

கடிதத்துக்குக் கையெழுத்து வாங்க வீட்டுக்குப் போனபோது நண்பகல். குழந்தை தொட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து தொட்டிலையே வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாமியார் சொன்னார்: "பிள்ளை தூங்குது ஐயா, இவ தூங்கமாட்டேங்கிறா. ராத்திரியும் இப்படித்தான்." நாம் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். "கண்ண மூடுனா பயமா இருக்குங்க ஐயா. நான் இல்லாட்டியே பிள்ளைக்கு நல்லதுன்னு தோணுது" என்றார்.

கடிதம் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. மறுநாள் மகளிர் பகுதிச் சகோதரி ஒருவர் அவரை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப்போனார். தாதி பத்துக் கேள்விகள் கேட்டார். டாக்டர் பார்த்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார்.

தோழர்களே! இது சோம்பல் அல்ல, இது நோய். பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கும் உண்டு. கர்ப்ப காலத்தில் உடலில் மிகுந்திருந்த சுரப்புநீர்கள் பிரசவத்தோடு சட்டென்று இறங்குவது அதற்கு ஒரு காரணம். அது இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். இரண்டு வாரம் கடந்தும் துயரம் நீடித்தால், எதிலும் மனம் ஒட்டாவிட்டால், பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவித்து ஓராண்டுக்குள் எப்போதும் இது தலைகாட்டலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு 13 பேருக்கு மனநலக் கோளாறு வருகிறது; அதில் பெரும்பங்கு மனச்சோர்வே. வளரும் நாடுகளில் இது ஏறத்தாழ 20 பேர். நம் வரிசை வீடுகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் வாய்திறக்காமல் இருந்திருப்பார்கள்?

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன உறவு? பச்சிளங்குழந்தை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாலுக்கு அழும். தாய் மொத்தத்தில் ஆறு மணி நேரம் படுத்திருந்தாலும், அது துண்டு துண்டான தூக்கம். தொடர்ந்து தூங்காத மூளைக்குக் கவலையைத் தாங்கும் பலம் குறைகிறது. தூக்கம் கெட்டால் மனச்சோர்வுக்கு வழி திறக்கிறது. மனச்சோர்வு வந்தால் இருக்கிற தூக்கமும் போகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கிறது.

இதை நமக்கு யாரும் புத்தகத்திலிருந்து விளக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தை நாம் எப்படி வெட்டுகிறோம்? பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஏன்? வடிந்த பால் மீண்டும் ஊற மரத்துக்கு அவகாசம் வேண்டும். ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். மரத்துக்குத் தருகிற ஓய்வை, இரவும் பகலும் பால் கொடுக்கும் தாய்க்குத் தர மறுக்கலாமா?

நம் பெரியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பச்சை உடம்புக்காரி என்று சொல்லிப் பத்தியம் போட்டு மூலையில் படுக்கவைத்தார்கள். மலாய்க்காரர் 44 நாள் பந்தாங் இருக்கிறார்கள். சீனர் ஒரு மாதம் தாயை வீட்டைவிட்டு வெளியே விடுவதில்லை. மூவரும் சொன்னது ஒன்றே: தாய் படுக்கட்டும், மற்றவர் வேலை செய்யட்டும். ஆனால் இன்று என்ன நடக்கிறது? பத்தியக் குழம்பு இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. படுக்க நேரம் மட்டும் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று.

முதலாவது, ஆண் தோழர்களுக்கு. இரவை நிரை பிரிப்பதுபோலப் பிரியுங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தாய் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் படுக்கட்டும். அதிகாலை ஒன்று இரண்டு மணி வரை ஒருநாள் கணவன், ஒருநாள் மாமியார் அல்லது மூத்த உறவினர் பிள்ளையைப் பார்க்கட்டும். முன்பே பிழிந்து ஐஸ் பெட்டியில் வைத்த தாய்ப்பாலை அந்நேரம் கொடுக்கலாம். நாலைந்து மணி நேரம் தொடர்ந்த தூக்கம் ஒரு தாய்க்குக் கிடைத்தால் அதுவே பெரிய மருந்து. "எனக்கு விடியற்காலை வேலை" என்பீர்கள். பிள்ளையைப் பார்ப்பதும் வேலைதான். அதற்குப் பெரட்டும் இல்லை, விடுமுறையும் இல்லை.

இரண்டாவது, உரிமையைப் பயன்படுத்துங்கள். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தகப்பனுக்குச் சம்பளத்தோடு 7 நாள் விடுமுறை உண்டு. ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும், 30 நாள் முன்னதாக முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த 7 நாள் விருந்தினரை உபசரிக்க அல்ல, மனைவியைத் தூங்கவைக்க. மனச்சோர்வுக்கு டாக்டர் சீட்டுக் கொடுத்தால் அது நோய் விடுமுறை. அதைச் செக்ரோலில் "வரவில்லை" என்று எழுத எந்தக் கிராணிக்கும் உரிமை கிடையாது.

மூன்றாவது, வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்தத் தாதி கேட்ட பத்துக் கேள்விகள் 1987இல் ஸ்காட்லாந்து நாட்டில் வகுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று தூக்கத்தைப் பற்றியது. கடைசிக் கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அந்த எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பல நாள் தூக்கமே இல்லாமல், யாரோ பேசும் குரல் கேட்கிறது என்று ஒரு தாய் சொன்னால், பேய் பிடித்தது என்று பூசாரியிடம் ஓடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வரும் கடும் நோய் அது; குணப்படுத்தக் கூடியது. மனம் தாளாதவர்கள் பேசுவதற்குச் சுகாதார அமைச்சு வைத்திருக்கும் தொலைபேசி எண் 15555. பால் கொடுக்கும் தாய்க்கு ஒத்துக்கொள்ளும் மருந்துகளும் உண்டு. மருந்துக்குப் பயந்து பால் நிறுத்தவோ, பாலுக்குப் பயந்து மருந்து நிறுத்தவோ வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

அந்தப் பெண் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆலோசனையும் சில மாத மருந்தும் கிடைத்தன. கணவர் இரவில் பாதிப் பொறுப்பை ஏற்றார். டாக்டர் சீட்டைக் காட்டிச் செயலாளர் நிர்வாகத்தோடு பேசினார். பிறகு அவர் பழையபடி மரத்துக்குப் போனார். பிள்ளை இப்போது தமிழ்ப் பள்ளியில் படிக்கிறது.

அந்த எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்படவே இல்லை, கிழித்தும் போடவில்லை. நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதப் பேனாவை எடுத்தாலும், முதலில் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டும் என்பதை அது நினைவுபடுத்துகிறது. கிராணிமாரும் மண்டோர்மாரும் கிளைத் தலைவர்களும் அப்படிக் கேட்கும் பழக்கத்தை இன்றே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.